எட்டுக்கு அஞ்சு!

போன வாரம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். 'பிளாக்பிங்க்கின் பார்ன் பிங்க் ஆல்பத்துக்கு எட்டுக்கு ஐந்து மார்க் கொடுக்கலாம்' என்று. கட்டுரை என்னவோ வேறு விஷயத்தைப் பற்றியது. அந்த வரியை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்காவின் நம்பரிலிருந்து போன். எடுத்தால் அக்கா மகள். வேடசந்தூரில் இருக்கிறாள், இந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

"சித்தி, நீங்க நிஜமாவே பிளிங்க்தானா?"

பிளிங்க் என்றால் பிளாக்பிங்க் ரசிகர். இது தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ரஜினி ரசிகர், விஜய் ரசிகர் மாதிரிதான். இங்கே ரசிகருக்குத் தனியாக ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

"ஏன்டீ, எட்டுக்கு அஞ்சுன்னா பாஸ் மார்க்தானே?"

"எங்க ஸ்கூல்ல நூத்துக்கு அறுபத்திரண்டு வாங்கினா அம்மா என்ன சொல்லும் தெரியுமா? நீங்க அஞ்சு எதெதுக்குன்னு எழுதுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

வைத்துவிட்டாள். பெரியவர்களிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். கேட்டதில் நியாயம் இருக்கிறது. மார்க் போட்டவர் விடைத்தாளைக் காட்ட வேண்டாமா? ஆகவே இந்த வாரம் முழுக்கவே பார்ன் பிங்க்தான். இளையராஜா வாசகர்களும் இருங்கள், நடுவில் அவரும் வருகிறார்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். நாலு பெண்கள். ஜிசூ, ஜென்னி இருவரும் கொரியாவில் பிறந்தவர்கள். ரோஸே நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். லிசா தாய்லாந்துக்காரர், வடகிழக்கே இருக்கிற புரிராம் என்ற மாகாணத்தில் பிறந்தவர். ஒய்.ஜி. என்டர்டெயின்மென்ட் என்ற கம்பெனி இவர்களை வருஷக்கணக்காக ஆட்டம், பாட்டு, மொழி என்று பயிற்சி கொடுத்து 2016 ஆகஸ்ட் 8-ம் தேதி மேடையேற்றியது. அதன் பிறகு நடந்தது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

எனக்குத் தெரிய வந்தது 2020-ல், ஊரடங்கு நேரத்தில். அக்காவுக்கு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. பெண்ணைத் திண்டுக்கல்லில் என்னிடம் விட்டிருந்தாள். அப்போது இவள் ஐந்தாம் வகுப்பு. ஆன்லைன் கிளாஸுக்கு என் போன்தான். கிளாஸ் முடிந்த பிறகும் மொட்டை மாடியிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஏறிப் போய்ப் பார்த்தால், பின்னால் மலைக்கோட்டைப் பாறை, முன்னால் துணிக்கொடிக்கு நடுவே இவள் 'ஹவ் யூ லைக் தட்' பாட்டுக்குக் கையைக் காலை வீசிக்கொண்டிருக்கிறாள். திட்டத்தான் போனேன். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் சமைக்கும்போது அந்த மெட்டு என் வாயில் வந்தது. ரசிகை ஆன கதை இவ்வளவுதான்.

அந்த வருஷம் அக்டோபர் 2-ம் தேதி இவர்களுடைய முதல் முழு ஆல்பம் வந்தது. பெயரே 'தி ஆல்பம்'தான். எட்டுப் பாட்டு. அதன் பிறகு மௌனம். ஒரு வருஷம் போயிற்று, இன்னொரு வருஷமும் போகப் பார்த்தது. 2022 ஆகஸ்ட் 19-ம் தேதி 'பிங்க் வெனம்' என்ற ஒரு பாட்டை மட்டும் முன்கூட்டியே விட்டார்கள். முதல் நாளிலேயே யூடியூபில் ஒன்பது கோடிப் பார்வைகளைத் தாண்டியது. இங்கே அதற்கு முதல் நாள்தான் 'திருச்சிற்றம்பலம்' ரிலீஸ். ஊரே 'மேகம் கருக்காதா'வில் இருந்தது. பிறகு செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை, 'பார்ன் பிங்க்' முழுதாக வந்தது. அதற்கும் முதல் நாள் 'வெந்து தணிந்தது காடு' வந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க நம் பக்கம் டீக்கடை, மினி பஸ், நிலக்கோட்டைப் பூச்சந்தை எங்கே நின்றாலும் 'மல்லிப்பூ'தான் கேட்டது. எனக்கும் அந்தப் பாட்டு உயிர். ஆனால் இயர்போனுக்குள் வேறு ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

கொரியாவில் மதியம் ஒரு மணிக்கு விட்டார்கள். நமக்குக் காலை ஒன்பதரை. உலகத்தில் எத்தனையோ பிளிங்க் அதே நொடியில் கேட்க, என் அக்கா மகள் ஏழாம் வகுப்பில் பிரேயர் முடிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வீடு வரும்வரை நானும் கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். பத்தரை மணிக்குக் கேட்டுவிட்டேன். இதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடியும் எட்டே பாட்டு. மொத்தம் இருபத்து நாலு நிமிஷத்துச் சொச்சம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்து முதல் பாட்டைப் போட்டால் சின்னாளபட்டி வருவதற்குள் ஆல்பம் முடிந்துவிடும். இரண்டு வருஷம் காக்க வைத்துவிட்டு இருபத்து நாலு நிமிஷம்! அதிலும் பிங்க் வெனம் ஏற்கெனவே கேட்டது. கடைசிப் பாட்டு 'ரெடி ஃபார் லவ்' ஜூலையிலேயே பப்ஜி விளையாட்டோடு சேர்ந்து வெளிவந்துவிட்டது. (நம் நாட்டில் 2020 செப்டம்பரிலேயே தடை செய்தார்களே, அதே பப்ஜி.) ஆக, புதுசு ஆறுதான். ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்து திறந்தால் இரண்டு துண்டை யாரோ ஏற்கெனவே தின்றிருப்பது போல.

சரி, விடைத்தாள்.

பிங்க் வெனம் தொடங்கும்போது ஒரு நரம்புக் கருவி அதிர்கிறது. கொமுங்கோ என்று பெயர். கொரியாவின் பழைய வாத்தியம். ஆறு நரம்பு. தரையில் உட்கார்ந்து, குறுக்காக வைத்துக்கொண்டு, சின்ன மூங்கில் குச்சியால் மீட்டுவார்கள். வீடியோவில் ஜிசூ அதை மீட்டுகிற மாதிரி வருவார். முதல் முறை கேட்டபோது வீணையின் முரட்டுத் தம்பி என்று தோன்றியது. அந்த நரம்பின் மேலேயே ஹிப் ஹாப் அடி வந்து விழுகிறது. இரண்டும் சண்டை போடாமல் ஒன்றாக நடக்கின்றன. நம் ஊரில் நாதஸ்வரத்தையும் டிரம்ஸையும் சேர்த்து எத்தனை பேர் சொதப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இதற்கு முழு ஒரு மார்க்.

இரண்டாவது 'ஷட் டவுன்'. எங்கள் ஊரில் ஷட் டவுன் என்றால் மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்து கரண்ட் இருக்காது, மாவு முதல் நாளே ஆட்டிவைக்க வேண்டும் என்று அர்த்தம். இவர்கள் சொல்வது, நாங்கள் இறங்கினால் மற்றவர்கள் கடையைச் சாத்தலாம் என்கிற அர்த்தத்தில். பாட்டின் முதுகெலும்பு ஒரு வயலின் துணுக்கு. அது பகனீனி என்ற இத்தாலிய வயலின் மேதை 1826-ல் எழுதிய கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதி. 'லா கம்பனெல்லா' என்பார்கள், சின்ன மணி என்று பொருள். சின்ன மணி ஒலிக்கிற மாதிரித் துள்ளும் அந்த மெட்டை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன்மேல் நாலு பேரும் அலட்சியமாகப் பேசுகிறார்கள். பாடுவதைவிடப் பேசுவதுதான் அதிகம்.

இப்போது இளையராஜா. பண்ணைப்புரத்துக்காரர் 1986-லேயே 'ஹவ் டு நேம் இட்' என்று ஒரு ஆல்பம் செய்து, பாக்கையும் தியாகராஜரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேச வைத்தார். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, பகனீனியை வெட்டி ஒட்டுவது மட்டும் பெரிய ஆச்சரியமாக இருக்காது. அங்கே இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். இங்கே ஒருவர் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருக்க மற்றவர்கள் அவருக்குமேல் பேசுகிறார்கள். ஆனாலும் என்ன ஒரு தெனாவட்டு! லிசாவின் ராப் வருகிற இடத்தில் நான் இன்றைக்கும் பஸ் கம்பியில் தாளம் போடுகிறேன். ஒரு மார்க்.

மூன்றாவது, 'டைப்பா கேர்ள்'. பூஜ்யம். ஏன் என்றால், முதல் பாட்டில் நாங்கள் விஷம் என்றார்கள். இரண்டாவதில் கடையைச் சாத்து என்றார்கள். மூன்றாவதில் நான் எப்பேர்ப்பட்ட பெண் தெரியுமா என்கிறார்கள். ஹீரோ என்ட்ரிப் பாட்டு படத்துக்கு ஒன்று இருந்தால் விசில் அடிக்கலாம். படம் தொடங்கி முக்கால் பங்கு ஹீரோ என்ட்ரி கொடுத்துக்கொண்டே இருந்தால், ஐயா நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள், கதையைத் தொடங்குங்கள் என்று சொல்லத் தோன்றாதா?

கதை நாலாவதில் தொடங்குகிறது. 'யா யா யா'. எட்டுப் பாட்டில் எனக்கு உயிரான பாட்டு. வரிகள் எழுதியவர்களில் ஜிசூவும் ரோஸேவும் இருக்கிறார்கள். எண்பதுகளின் சிந்தசைசர் ஓசை, கொஞ்சம் வெட்கம், நிறைய துள்ளல். பயமுறுத்துகிற முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிடித்த பையனைப் பார்த்துத் தடுமாறுகிற சாதாரணப் பெண்களாக வருகிறார்கள். பெரும்பாலும் கொரிய வரிகள். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஜிசூவின் தடித்த, நிதானமான குரல் வருகிற இடத்தில் அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிகிறது. இதற்கு இரண்டு மார்க் போட இடமில்லையே என்று வருத்தம்.

'ஹார்ட் டு லவ்' ரோஸே தனியாகப் பாடுவது. குரல் அழகு, பாட்டு சுமார். நாலு பேர் கொண்ட குழுவின் இருபத்து நாலு நிமிஷத்தில் ஒருவருக்கு மட்டும் தனிப்பாட்டு ஏன் என்பது எனக்கு விளங்காத கணக்கு. அரை. 'தி ஹேப்பியஸ்ட் கேர்ள்' பியானோவோடு வரும் மெதுவான பாட்டு. உலகத்திலேயே சந்தோஷமான பெண்ணாக இருக்கப் போகிறேன் என்று அழாக்குறையாகச் சொல்கிற பாட்டு. நாலு குரலும் எப்படி வேறு வேறு என்று தெரிய வேண்டுமானால் இதைக் கேளுங்கள். ஒன்று. கடைசியாக 'ரெடி ஃபார் லவ்', கேட்க இனிமைதான், ஆனால் நாலைந்து வருஷத்துக்கு முந்தைய ஃபேஷன் சட்டை மாதிரி. அரை.

ஒன்று விட்டுப்போயிற்று. ஏழாவது, 'டேலி'. பூஜ்யம் போட்டிருந்தேன்.

கூட்டிப் பாருங்கள், ஐந்து வரும்.

விடைத்தாளை எழுதி முடித்த பிறகுதான் நானே ஒன்றைக் கவனித்தேன். எட்டில் நாலு பாட்டு முழுக்க முழுக்க ஆங்கிலம். டைப்பா கேர்ள், ஹார்ட் டு லவ், தி ஹேப்பியஸ்ட் கேர்ள், டேலி. இந்த நாலுக்கும் சேர்த்து நான் போட்டது ஒன்றரை. கொரியமும் ஆங்கிலமும் கலந்த மற்ற நாலுக்கு மூன்றரை. அதாவது, புரியாத பாட்டெல்லாம் பிடித்திருக்கிறது, புரிந்த பாட்டெல்லாம் சப்பென்று இருக்கிறது!

இது ஒன்றும் வேடிக்கை இல்லை. மொழி தெரியாத பாட்டில் நாம் குரலைக் கேட்கிறோம், மூச்சைக் கேட்கிறோம், ஒரு சொல் எங்கே மடங்குகிறது என்று கேட்கிறோம். அர்த்தம் தெரிந்துவிட்டால் காது சோம்பேறி ஆகிவிடுகிறது. கொரியத்தில் அம்மாவை ஒம்மா என்கிறார்கள், அப்பாவுக்கு அப்பாதான். பெண்கள் தங்கள் அக்காவை ஒன்னி என்று கூப்பிடுகிறார்கள், நமக்கு அண்ணி ஞாபகம் வருகிறது. இதை வைத்துத் தமிழிலிருந்துதான் கொரியம் வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நான் நம்புவதில்லை. ஒலி ஒத்துப்போனால் சொந்தமாகிவிடாது. ஆனால் அந்த ஒலிகள் காதுக்கு அந்நியமாகவும் இல்லை. அதுதான் ருசி. அமெரிக்காவில் நம்பர் ஒன் ஆக வேண்டும் என்று ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த ருசியில் பாதி போய்விட்டது என்பது என் கட்சி. நம்பர் ஒன் ஆனார்களா என்றால், ஆனார்கள். அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதல் இடத்துக்கு வந்த முதல் கொரியப் பெண்கள் குழு இவர்கள்தான். முதல் வாரம் ஒரு லட்சத்து இரண்டாயிரம் யூனிட். அதற்கு முன் 2008-க்குப் பிறகு பெண்கள் குழு எதுவும் அந்த இடத்தைத் தொட்டிருக்கவில்லை. வெற்றியை மறுக்கவில்லை. மளிகைக் கடை சூப்பர் மார்க்கெட் ஆனதில் எனக்கும் சந்தோஷம்தான். கொசுறு கருவேப்பிலை இல்லை, அதைச் சொல்கிறேன்.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு மறுவாரம் வேடசந்தூர் போனேன்.

அக்கா வீட்டில் ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது, ஞாபகம் இருக்கலாம். கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று பள்ளி மாணவிகள், பி.டி.எஸ். குழுவைப் பார்க்கக் கொரியா போகிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பதின்மூன்று வயது. கையில் 14 ஆயிரம் ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவதாகத் திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் போலீஸ் கண்டுபிடித்துப் பத்திரமாக மீட்டார்கள். ஊர் சிரித்தது. பெற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வேடசந்தூரிலிருந்து நெடுஞ்சாலை நேரே கரூருக்குத்தான் போகிறது. அக்காவுக்கு அது பக்கத்துத் தெருச் செய்தி.

அன்று ராத்திரியே போன் பீரோவுக்குள் போயிற்று. பீரோவுக்குப் பூட்டு, அதற்கு மேல் பீரோ இருக்கும் அறைக்கும் ஒரு பூட்டு. இரண்டும் நம் ஊர்ப் பூட்டு. கள்ளச்சாவி வேலைக்கு ஆகாது. "பி.டி.எஸ். வேறம்மா, பிளாக்பிங்க் வேறம்மா" என்று இவள் கதறியது எடுபடவில்லை. "எல்லாம் கொரியாதானே" என்றாள் அக்கா. அதன் பிறகு போன் வெளியே வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் என்ற நிபந்தனையோடு. போன வாரம் எனக்கு வந்த அழைப்பு அந்த ஒரு மணி நேரத்தில் வந்ததுதான்.

நான் போனபோது அக்கா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். இவள் விடைத்தாளை வாங்கிப் படித்தாள். ஜிசூவின் குரலைப் பற்றி எழுதியதற்குத் தலையாட்டினாள். டைப்பா கேர்ளுக்குப் பூஜ்யம் போட்டதற்கு "சரி, விடுங்க" என்றாள். டேலிக்கு வந்ததும் தாளை மடித்துவிட்டாள்.

"இதை மட்டும் எப்படி சித்தி முட்டை போட்டீங்க?"

"சத்தமா கிட்டார், நடுவுல கெட்ட வார்த்தை வேற. குடும்பப் பத்திரிகைடீ."

"பாட்டு என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா?"

கேட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆங்கிலம் புரியும், ஆகவே பாட்டு புரிந்துவிட்டது என்று. அவள் புத்தகப் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கங்களில் எட்டுப் பாட்டுக்கும் தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருக்கிறாள். தமிழ் மீடியத்தில் படிக்கிற பெண். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடியிருக்கிறாள். போன் பூட்டுக்குள் இருந்த மாதங்களில் பாட்டு இல்லை, நோட்டு மட்டும் இருந்திருக்கிறது.

'டேலி' என்றால் கணக்கு வைப்பது, கோடு போட்டு எண்ணுவது. ஆண்கள் செய்தால் யாரும் கண்டுகொள்ளாததை ஒரு பெண் செய்தால் மட்டும் எண்ணி வைக்கிறார்கள், என் தப்பை எண்ண இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, நான் என் விருப்பப்படி இருப்பேன் என்கிற பாட்டு அது.

"கரூர் பிள்ளைங்க போனாங்க சித்தி. நான் எங்கயும் போகலையே. டியூஷன் மாத்தினாங்க. பஸ்ல யார்கூட உட்கார்றேன்னு கேட்டாங்க. நான் டான்ஸ் ஆடினதைக்கூடத் தப்புல சேர்த்துட்டாங்க. போனவங்க வேற யாரோ, கணக்கு மட்டும் என் பேர்ல."

அவரைக்காய் நார் உரிக்கிற சத்தம் நின்றது. அக்கா நிமிரவில்லை.

நான் பேச்சை மாற்றுகிறேன் பேர்வழி என்று, "போடு பார்ப்போம், முழு ஆல்பத்தையும், ஸ்பீக்கர்ல" என்றேன். இருபத்து நாலு நிமிஷம்தானே. போட்டாள். டேலி வந்தபோது ஒன்று கவனித்தேன். கெட்ட வார்த்தை வருகிற இடமெல்லாம் நொடி பிசகாமல் சத்தத்தைக் குறைத்து, தாண்டியதும் கூட்டினாள். எத்தனை தடவை அம்மா பக்கத்தில் இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும்!

பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா முதல் தடவையாகக் கேட்டாள்.

"இதுல எந்தப் பொண்ணு எந்த ஊரு?"

இவள் ஒவ்வொருவராகச் சொன்னாள். லிசா பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். தாய்லாந்தில் நடந்த தேர்வில் நாலாயிரம் பேரில் அவர் ஒருவர்தான் எடுக்கப்பட்டார். 2011-ல் பயிற்சிக்காகக் கொரியா போனார். அப்போது அவருக்குப் பதினாலு வயது.

"பதினாலா? அவங்க அம்மா எப்படி விட்டாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அக்கா கேட்டது கோபமாகக் கேட்டது இல்லை, இன்னொரு அம்மாவைப் பற்றிய விசாரணை. இவள்தான் சொன்னாள், நம் நாட்டிலேயே ஒரு பெண் போயிருக்கிறார் என்று. ஒடிசாவின் ரூர்கேலா ஊரைச் சேர்ந்த ஸ்ரேயா லெங்கா, ஒடிசி நடனம் படித்தவர், 2022-ல் பிளாக்ஸ்வான் என்ற கொரியக் குழுவில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து கே-பாப் மேடை ஏறிய முதல் ஆள். "அவங்க அப்பா அம்மாகிட்ட சொல்லிட்டுத்தாம்மா போனாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

"உனக்கும் போகணுமா?" என்றாள் அக்கா.

"எனக்கு எதுக்குமா? அந்த ஊர்ல இட்லி கிடைக்காது."

மூவரும் சிரித்தோம். ஆனால் அக்கா கேட்டதும் இவள் பதில் சொன்னதும் இரண்டு வருஷமாக அந்த வீட்டில் நடக்காத பேச்சு என்பது எனக்குத் தெரியும்.

மார்க் விஷயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். டேலியைத் திரும்பிவந்த பஸ்ஸில் இன்னும் இரண்டு முறை கேட்டேன். பாட்டாக அது இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை. கிட்டார் வழக்கமான கிட்டார், மெட்டு மூன்றாவது வரியிலேயே களைத்துவிடுகிறது. பிடிக்காததைப் பிடித்தது என்று சொன்னால் ரசிகைக்கும் விளம்பரப் பலகைக்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே முட்டை முட்டைதான். ஆனால் 'ஆங்கிலப் பாட்டெல்லாம் சப்பென்று இருக்கிறது' என்று மேலே எழுதினேனே, அந்த வரியை 'எனக்கு' என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு சுலபமாகப் புரிந்ததால் சப்பென்று இருந்தது. அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாக வாங்கியவளுக்கு அது அப்படி இல்லை.

இன்னொரு பாக்கி. பார்ன் பிங்க் சிடி பெட்டி ஒன்று அவளுக்காக வாங்கி என் வீட்டில் வைத்திருக்கிறேன். புகைப்படப் புத்தகம், அட்டை என்று என்னென்னவோ இருக்கிறது. கொரியாவிலிருந்து வந்துசேர இரண்டாயிரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டில் சிடி போடுகிற கருவியே கிடையாது என்பது வேறு விஷயம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் கொடுப்பதாக அக்காவோடு ஒப்பந்தம். அதற்குள் திறந்து போட்டோ கார்டில் யார் வந்திருக்கிறார் என்று பார்க்கக் கூடாது என்று இவள் மறுபடியும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். செப்டம்பர் 16-ம் தேதி பத்தரை மணி விவகாரத்தை இந்தக் கட்டுரையில்தான் படிக்கப் போகிறாள். அடுத்த ஞாயிறு போன் வரும், தெரியும்.

கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். இவள் உள்ளே போனைத் திரும்பக் கொடுப்பதற்காக பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அந்த நாலாவதா வந்துச்சே ஒரு பாட்டு, துள்ளலா," என்றாள் அக்கா. "அது பேரு என்ன?"

சொன்னேன்.

"இது ஒரு பேரா" என்றுவிட்டு உள்ளே திரும்பி, "ஏய், சாவியைத் தேடினது போதும், அதை இன்னொரு வாட்டி போடு" என்றாள்.